டெய்ஸி கப்பல் ஏறிய கதை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. ஈரக் கோட்டுகளைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, நாற்காலியை ஹீட்டர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருக்கோடி வீட்டு நெவில் ஆர்மிட்டேஜ், ஐரோப்பா முழுக்கச் சுற்றி வரத் தன் சின்ன ஸ்போர்ட்ஸ் காரைத் தயார் செய்த கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

அன்றைக்கு நெவில் சமையலறையில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, வலது நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பெரிய கேக் தட்டை ஸ்டீயரிங் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். இடது நாற்காலியில் அவர் மனைவி மியூரியல், மடியில் கைப்பையோடு.

"முன்னாடி ஒரு லாரி மெதுவாப் போகுது. நான் அதை முந்தணும். எதிர்ல வர்றது எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். போகலாமா?"

மியூரியல் காஸ் அடுப்பை உற்றுப் பார்த்தாள்.

"போனாலும் தப்பில்லைன்னுதான் தோணுது. ஆனா உங்களுக்கு அவசரம் இல்லைன்னா, கொஞ்சம் பொறுத்துப் போனா இன்னும் நல்லாயிருக்குமோ என்னமோ."

"மியூரியல், நீ இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் செத்துப் போயிட்டோம்."

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க," என்றாள் மியூரியல். உண்மையாகவே வருந்தினாள்.

சிக்கல் இதுதான். இங்கே இங்கிலாந்தில் எல்லோரும் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஸ்டீயரிங் வலது பக்கம். கடல் தாண்டினால் அவர்கள் எல்லோரும் வலது பக்கம் ஓட்டுகிறார்கள். நம் ஊர் வண்டியை அங்கே கொண்டு போனால் ஓட்டுகிறவர் சாலையோரப் புல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நடுச்சாலை பக்கத்து சீட்காரர் கண்ணுக்குத்தான் தெரியும். நெவிலின் உயிர் மியூரியலின் வாயில் இருந்தது. மியூரியலோ பிறந்ததிலிருந்து யாருக்கும் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்லி அறியாதவள்.

பயணத்தையே விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டெய்ஸி என்று பெயர் வைத்த அந்தப் பச்சை நிற, கூரை மடக்கும், இரண்டே பேர் உட்காரும் வண்டி, கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நெவிலிடம் இருக்கிறது. அதில் மியூரியலை இத்தாலியின் ஏரிக்கரைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லித்தான் பெண் கேட்டார். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வண்டி தயாராகிக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் ரேடியேட்டர், ஒரு வருஷம் கிளட்ச். கவுன்சில் ஆபீஸில் தெருவிளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து நெவில் ஓய்வும் பெற்றுவிட்டார். ஏரி இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த நாற்காலி ஒத்திகைக்குக் கொஞ்ச நாள் முன்னால், வசந்தம் பிறந்ததும் ஒரு நாள் மியூரியல், டீயை ஆற்றியபடி, "எனக்கு ஒரு சின்ன யோசனை," என்றாள்.

இந்தப் பக்கத்து வீடுகளில் மனைவி "சின்ன யோசனை" என்றால் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது என்று அர்த்தம். நெவில் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"இந்த வருஷமும் நாம கப்பல் ஏறலைன்னா, டெய்ஸியை வேற நல்ல வீடாப் பார்த்துக் கொடுத்துடலாமோன்னு. பக்கத்து வீட்டு பேசில் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்கார். நல்லாப் பார்த்துக்குவார்."

வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பேசில், தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். டெய்ஸி, பேசிலின் வண்டியாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் கண் முன்னாலேயே கழுவப்படுவதை நெவில் நினைத்துப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஹல் துறைமுகத்திலிருந்து, காரையும் ஏற்றிக்கொண்டு ஹாலந்து போகும் ஒரு சனிக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் போட்டார்.

நாற்காலி வேலைக்கு ஆகவில்லை என்றதும் நெவில் ஒத்திகையை வெளியே கொண்டு போனார். ஊருக்கு வெளியே யாரும் பயன்படுத்தாத பழைய விமானத் தளம் ஒன்று உண்டு. அங்கே ஒரு விவசாயியின் டிரெய்லர் நின்றது. அதுதான் மெதுவாகப் போகும் லாரி. எதிரில் வரும் வண்டியாக, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி இயந்திரத்தோடு பேசில் வந்திருந்தார். வண்டி கைமாறுவதற்கு முன் அதற்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற அக்கறை அவருக்கு.

நெவில் வலது ஓரமாக டிரெய்லருக்குப் பின்னால் வந்து நின்றார். "போகலாமா?"

"பேசில் வர்றார்."

"அப்போ வேண்டாமா?"

"வேண்டாம்னு இல்லை. ரொம்ப நல்ல மனுஷர். நம்மைப் பார்த்தா வழி விடாமப் போக மாட்டார்."

நெவில் கிளம்பினார். பேசில் வழி விட்டு நின்றார். பேசில் நின்றதைப் பார்த்து, வயசானவரைக் காக்க வைப்பது அழகில்லை என்று நெவிலும் நின்றார். "நீங்க போங்க," என்று பேசில் கை காட்டினார். "இல்லையில்லை, நீங்க போங்க," என்று நெவில் கை காட்டினார். அப்படியே மாறி மாறிக் கை காட்டிவிட்டு, சரி இனியும் மறுப்பது மரியாதையில்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள்.

சத்தம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் டெய்ஸியின் இடது கண் போய்விட்டது.

"தப்பு என் மேலதான்," என்றார் பேசில்.

"சேச்சே, என் மேல."

"நான் சொன்னது தப்பு," என்றாள் மியூரியல்.

மூவரும் நெடுநேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்ட பிறகுதான் உடைந்த ஹெட்லைட்டை யாரோ குனிந்து பார்த்தார்கள்.

இனிமேல் மியூரியலை நம்பிப் பயனில்லை, தானே பார்த்தாக வேண்டும் என்று நெவில் முடிவு செய்தார். டெய்ஸியின் இடது முன்சக்கரத்துக்கு மேலே துளை போட்டு, நீளமான கம்பி ஒன்றை வெளியே நீட்டி, அதன் நுனியில் வட்டக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தினார். பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற கண்ணாடி இருக்கிறதே, அதைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அதில் மியூரியலின் தொப்பி மட்டும் தெரிந்தது.

"தொப்பியைக் கழட்டு."

கழற்றினாள். இப்போது மியூரியலின் காது தெரிந்தது.

"கொஞ்சம் தாழ உட்காரு."

மியூரியல் சறுக்கிச் சறுக்கி, முழங்கால் முகவாயைத் தொடும் அளவுக்குக் கீழே போனாள். "ஏரி வந்ததும் எனக்குச் சொல்லுவீங்கதானே?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இங்கேயிருந்து எதுவும் தெரியலை. குறை சொல்லலை."

கண்ணாடியைச் சோதித்துப் பார்க்க நெவில் கடைத்தெருப் பக்கம் போனார். அன்றைக்கு ஊரில் தேவாலயத் திருவிழா. தெருவின் இருபுறமும் கடைக்குக் கடை வண்ணக் கொடித் தோரணம் கட்டித் தாழத் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பி முதல் தோரணத்தைக் கொக்கி போட்டு இழுத்தது. அது அடுத்ததை இழுத்தது. ரொட்டிக் கடையிலிருந்து தபால் ஆபீஸ் வரைக்கும் அத்தனை கொடிகளும் அவிழ்ந்து, டெய்ஸிக்குப் பின்னால் மயில் தோகை மாதிரி வந்தன. திருவிழா ஊர்வலம் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து ஜனங்கள் நடைபாதையில் நின்று கை தட்டினார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் அவசர அவசரமாகப் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். நெவில் என்ன செய்வார்? இவ்வளவு பேர் கை தட்டும்போது நிறுத்துவது நன்றாயிருக்காது என்று ஊரை முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். மியூரியல் எழுந்து உட்கார்ந்து கையை ஆட்டினாள்.

கடைசியில் தபால் பெட்டி ஒன்றில் தோரணம் சிக்கியது. வண்டி நகர்ந்தது, கம்பி நகரவில்லை. கம்பியோடு சேர்ந்து சக்கரத்துக்கு மேலிருந்த தகடும் கிழிந்து போயிற்று.

"சிறந்த அலங்கார வண்டி" என்று பாதிரியார் ஒரு பழக்கூடையைப் பரிசாகக் கொடுத்தார். நெவில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணும் அரைத் தோளும் இல்லாத டெய்ஸியை மெக்கானிக் ஆல்ஃபின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். கப்பல் அடுத்த சனிக்கிழமை.

ஆல்ஃப் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "போருக்கா போயிட்டு வந்தீங்க?"

"ஊர்வலத்துக்கு," என்றார் நெவில். "தகட்டை ஒட்டிடலாமா?"

"ஒட்டிடலாம். ஆனா இந்தக் கம்பி சமாச்சாரம் திரும்பவும் வேண்டாம்."

"அப்போ நான் எதிர்ல வர்றதை எப்படிப் பார்க்கிறது ஆல்ஃப்? எனக்கு நடுச்சாலைப் பக்கம் உட்காரணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டு நெவில் அப்படியே நின்றார். பட்டறை மூலையில் ஒரு பழைய வண்டி, டெய்ஸியின் கூடப் பிறந்தது மாதிரி, துருப்பிடித்துக் கிடந்தது. அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்த வண்டி. அதற்கு ஸ்டீயரிங் இடது பக்கம்.

"ஆல்ஃப்."

"வேண்டாம்."

"நான் இன்னும் கேட்கவே இல்லையே."

"உங்க கண்ணு எங்க போகுதுன்னு பார்த்தேனே. ஸ்டீயரிங், பெடல், டாஷ்போர்டு, எல்லாத்தையும் பிடுங்கி அந்தப் பக்கம் மாத்தணும். மாத்தலாம். முடியாதுன்னு சொல்லலை. ஆனா ஒரு விஷயம்..."

"வேலை முடிஞ்சதும் சொல்லு."

வேலை முடிவதற்குள் அந்த விஷயத்தை ஆல்ஃப் மறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டு வந்து டெய்ஸியை வீட்டு வாசலில் இறக்கினார். இரண்டு கண்ணும் இருந்தன, தோளும் இருந்தது, ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. நெவில் ஏறி உட்கார்ந்து கற்பனையில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினார். லாரி லாரியாக முந்தினார். மியூரியலை ஒரு வார்த்தை கேட்கத் தேவைப்படவில்லை.

"இனிமே நீ ஏரியை மட்டும் பார்த்தாப் போதும்," என்றார்.

"உங்களுக்கு எவ்வளவு சிரமம்!" என்றாள் மியூரியல். அவள் கன்னம் சிவந்திருந்தது. இத்தாலிக்கென்று வாங்கிய கறுப்புக் கண்ணாடியையும் பூப்போட்ட பட்டுத் தலைத்துணியையும் அன்றே போட்டுப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை. வண்டியின் பின்பக்கப் பெட்டியில் இருந்த இடமெல்லாம் உதிரி பாகங்கள், மாற்று பல்பு, எச்சரிக்கை முக்கோணம், டீத்தூள் டின், கெட்டில் என்று நிறைந்துவிட்டதால் மியூரியல் தன் துணிகளின் மேலேயே உட்கார்ந்தாள். கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ச் சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டிய ஒளிரும் மஞ்சள் கோட்டுகளை, வைக்க இடமில்லாமல், இருவரும் மாட்டிக்கொண்டார்கள். வேலியோரம் பேசில் வழியனுப்ப நின்றார். தன் கார் ஷெட்டைக் காலி செய்து, தரைக்குப் பெயின்ட்கூட அடித்து வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஊர் எல்லை தாண்டிப் பெரிய சாலையில் ஏறினார்கள். முன்னால் ஒரு கார், பின்னால் வெள்ளை வீடு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. விடுமுறைக்குப் போகிறவர்கள் இழுத்துப் போகும் கேரவன். ஆமைக்கு ஒரு தம்பி இருந்தால் அந்த வேகம்.

"சரி, முந்திடுவோம்," என்று நெவில் தலையை நீட்டினார்.

புல்தான் தெரிந்தது. வேலி தெரிந்தது. ஒரு செம்மறியாடு அவரைப் பார்த்தது.

ஆல்ஃப் சொல்ல மறந்த விஷயம் நெவிலுக்கு அப்போதுதான் புரிந்தது. கப்பல் ஏறுகிற வரைக்கும் இது இங்கிலாந்து. இங்கே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். இடது பக்கம் ஓட்டினால் இடது பக்கம் உட்கார்ந்தவனுக்கு எதுவும் தெரியாது. நடுச்சாலை முழுக்க மறுபடியும் மியூரியலின் கண் முன்னால்.

"மியூரியல்," என்றார் மெதுவாக. "எதிர்ல ஏதாவது வருதா?"

"தூரத்துல ஒரு பஸ் மாதிரி இருக்கு. ஆனா அது வருதா போகுதான்னு... நீங்க தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா..."

பஸ் விர்ரென்று தாண்டிப் போனது.

நெவில் வியர்வையைத் துடைத்தார். "இதோ பார். இனிமே ரெண்டே வார்த்தை. 'போ.' 'நில்லு.' வேற ஒரு எழுத்துகூட உன் வாயிலேர்ந்து வரக் கூடாது. நம்ம உயிரும் இதுல இருக்கு, டெய்ஸியும் இதுல இருக்கு."

"கட்டின புருஷனைப் போய் நாயை அதட்டுற மாதிரி எப்படிங்க..."

"ரெண்டே வார்த்தை!"

மியூரியல் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"இப்போ போகலாமா?"

"நில்லு." பிறகு தாங்க முடியாமல், கிசுகிசுப்பாக, "மன்னிச்சுக்கோங்க."

மழை பிடித்துக்கொண்டது. கூரையை விரிக்க நிறுத்தினால் கப்பல் போய்விடும் என்று நெவில் நிறுத்தவில்லை. கேரவனின் சக்கரம் வாரி அடித்த சேறு, நம்பர் பிளேட்டிலிருந்து நெவிலின் மூக்கு வரைக்கும் ஒரே பூச்சாகப் பூசியது. அவருக்கு முன்னால் அந்த வெள்ளைச் சுவரைத் தவிர உலகத்தில் ஒன்றுமில்லை. அது திரும்பினால் திரும்பினார். அது நின்றால் நின்றார்.

"இப்போ?"

"நில்லு."

"இப்போவாவது?"

"நில்லு."

யார்க் நகரத்தைத் தாண்டிய பிறகு ஒரு இடத்தில் மியூரியல் "ஹ..." என்று ஏதோ ஆரம்பித்தாள். நெவில் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் கையைத் தூக்கினாள், பிறகு மூக்கைச் சொறிந்துகொள்வது போல் இறக்கிக்கொண்டாள். நெவிலுக்குப் பெருமையாக இருந்தது. ஒருவழியாகப் பழகிவிட்டாள் என்று நினைத்தார்.

மழை விட்டது. உப்புக் காற்று அடித்தது. கடல்புறாக்கள் கத்தின.

"வந்துட்டோம் மியூரியல்! நேரத்துக்கு வந்துட்டோம்!"

கேரவன் ஓரமாக நின்றது. நெவில் அதன் பின்னால் நிறுத்தி, இறங்கி, முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். கடல் இருந்தது. மணல் இருந்தது. மணலில் வரிசையாகக் கழுதைகள், முதுகில் குழந்தைகளைச் சுமந்துகொண்டு போயின. ஒரு அம்மாள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு கடந்து போனாள்.

"துறைமுகத்துல கழுதைக்கு என்ன வேலை?" என்றார் நெவில்.

மியூரியல் பேசாமல் இருந்தாள்.

"பேசலாம் மியூரியல். எத்தனை வார்த்தை வேணும்னாலும் பேசு."

"இது ஹல் இல்லைன்னு நினைக்கிறேன். பிரிட்லிங்டன் கடற்கரையா இருக்கலாம். ஹல்லுக்கு வலது பக்கம் திரும்பணும்னு அங்க போர்டு போட்டிருந்தாங்க. பெரிசா. மூணு இடத்துல."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ரெண்டே வார்த்தைதானே கொடுத்தீங்க. அதுல 'வலது' இல்லையே."

நெவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இனி ஹல்லுக்குப் பறந்து போனாலும் துறைமுகத்தில் தண்ணீரைத்தான் பார்க்கலாம். அவர் டெய்ஸியின் சேறு படிந்த பானெட்டின் மேல் கையை வைத்தார். எஞ்சின் சூடு இன்னும் இருந்தது. கப்பல் போனால் டெய்ஸியும் போயிற்று. பேசில் நல்ல மனுஷர், நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று யோசித்திருப்பார். மியூரியலும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டுத் தலைத்துணி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது.

அப்போது கேரவன்காரரும் அவர் மனைவியும் இறங்கி, ஃபிளாஸ்க்கும் கோப்பையுமாக, முகம் நிறையச் சிரிப்போடு இவர்களை நோக்கி வந்தார்கள். அவர் செவிடருக்குச் சொல்வது போல் உரக்க, ஒவ்வொரு வார்த்தையாக, "எங்க... நாட்டுக்கு... வாங்க... வாங்க!" என்றார்.

நெவிலுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் மியூரியலின் ஈரக் கையைப் பிடித்து டீக் கோப்பையை வைத்தாள்.

"நான்தாம்மா இவர்கிட்ட சொன்னேன். ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இருக்கு, முந்தவும் தெரியாம, நம்ம பின்னாடியே வர்றாங்க, பாவம், வழி தெரியாத வெளிநாட்டுக்காரங்க, மெதுவாப் போங்க, கடல் வரைக்கும் நாமே கூட்டிட்டுப் போயிடுவோம்னு. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே, கப்பல்லதானே வந்தீங்க?"

நெவில் வாயைத் திறந்தார். மியூரியல் அவரை முந்திக்கொண்டாள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தாள், பானெட்டின் மேலிருந்த கையைப் பார்த்தாள், தன் சொந்தத் தாய்மொழியைத் துண்டு துண்டாக உடைத்து மெதுவாகச் சொன்னாள்:

"ஆமா... கப்பல்... ஏறியாச்சு."

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கட்டும், வழி தவறி வருகிறவருக்கும் அதில் ஒரு கோப்பை கிடைக்கட்டும். நீங்கள் எங்கே போய்ச் சேர்ந்தாலும், பக்கத்து சீட்டில் இருக்கிறவர் உங்களை விட்டுக்கொடுக்காதவராக இருக்கட்டும்.